மேக்கணக்குக்கு எட்டும் மணி

எங்கள் பள்ளிக்கூடத்துக்கென்று தனியாக மணி கிடையாது. பசறைக்குப் போகும் வளைவு ரோட்டுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே முற்றத்தில் இருந்தன. பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்து வெகுகாலம் ஆகியிருந்தும் தோட்டத்துச் சனத்துக்கு அது மாதா கோயில் பள்ளிக்கூடம்தான். கோயில் கூரை ஒழுகினால் எங்கள் பிள்ளைகள் வாளி ஏந்துவார்கள். வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் வாங்கு உடைந்தால் கோயில் வாங்கு வரும். மணியும் அப்படியே இரண்டுக்கும் பொது.

விடாமல் வேகமாக அடித்தால் பள்ளிக்கூடம். விட்டு விட்டு அடித்தால் சாவு. போனவர் வேதக்காரரா, மாரியம்மனைக் கும்பிடுகிறவரா என்று அந்த மணி பார்ப்பதில்லை. தோட்டத்தில் யார் கண்ணை மூடினாலும் அடிக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு டீச்சர். ஒரு மழைக் காலையில் மணி அடிக்கும் முறை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்திக்கு வந்தது. கயிறு இரவெல்லாம் நனைந்து கனத்துப்போயிருந்தது. அவள் உடம்பு முழுவதையும் போட்டுத் தொங்கி ஒரு தரம் இழுத்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி இழுத்தாள். அவ்வளவுதான். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தார்கள். மாமியாரைப் படுத்த படுக்கையாக லயத்து வீட்டில் விட்டு வந்த ஒருத்தி பதறி ஓடியதில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

முற்றம் நிறையச் சனம். "யாருங்க டீச்சர்? யாரு போனது?" என்று கேட்கிறார்கள். மணி அடித்த பிள்ளை ஓவென்று அழுகிறாள். "யாரும் போகலீங்க, கயிறுதான் நனைஞ்சுபோச்சு" என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. வேலையை விட்டு வந்த எல்லாருக்கும் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழுந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் பங்குச் சபை கூடியது. சபைத் தலைவர் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாருக்கும் கிளாக்கரய்யா. நல்ல மனிதர்தான், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதோடு சரி. "சாவு மணியில வெளையாட்டுக் கூடாது. இனிமே மணி கோயிலுக்கு மட்டுந்தான்" என்றார். அன்று மாலையே கயிற்றைச் சுருட்டி மணிக்கம்பத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பூசை வைக்கப் பதுளையிலிருந்து வரும் சுவாமியிடம் போய்ச் சொன்னேன். "சபை முடிவும்மா, கொஞ்சம் பொறுங்க" என்றார். பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு மணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மேக்கணக்குதான் பிரச்சினை. மேக்கணக்கு என்பது தோட்டத்தின் மேல் பிரிவு. பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து மலை. தாயும் தகப்பனும் விடிந்தும் விடியாமல், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளையை எழுப்பி அனுப்ப ஆள் கிடையாது. மணி கேட்டால் பையை எடுத்துக்கொண்டு ஓடிவரும், அதுதான் பழக்கம். மணி நின்றதும் முதலில் பிந்தி வந்தார்கள். பிறகு தம்பி தங்கையைப் பார்க்கவும் விறகு பொறுக்கவும் நின்றுவிட்டார்கள். அப்படி நின்ற பிள்ளை திரும்பி வராது. அதை நான் என் கண்ணால் நிறையப் பார்த்திருந்தேன். பிள்ளைகள் இப்படிக் குறைந்தால் மேல் வகுப்புகளைப் பசறைக்கு மாற்றிவிடுவோம் என்று கல்விக் கந்தோர் அதிகாரிகளும் சொல்லிவிட்டார்கள். பசறைக்கு பஸ் ஏற்றி அனுப்ப மேக்கணக்கில் யாரால் முடியும்?

நான் விடுவதாக இல்லை. பதுளை ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து தண்டவாளத் துண்டு ஒன்று வாங்கிவந்து தொங்கவிட்டேன். அடித்தால் எங்கள் காதுதான் வலித்தது. பள்ளத்தைத் தாண்டிச் சத்தம் போகவில்லை. சரி, சத்தம் போகாவிட்டால் நான் போகிறேன் என்று கிளம்பினேன். விடிகாலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசி, மேக்கணக்கு ஏறி லயம் லயமாகக் கதவைத் தட்டினேன். பெரட்டுக்குப் போகும் பெண்கள் சிரித்தார்கள். "என்னங்க டீச்சர், நம்ம கூடக் கொழுந்து எடுக்க வாறீங்களா?"

"ஆமா, உங்க புள்ளைங்களைத்தான் எடுக்க வந்திருக்கேன்" என்றேன்.

வாலாக ஒரு கூட்டத்தை இழுத்துக்கொண்டு இறங்கும்போது கிளாக்கரய்யா தன் வீட்டு வாசலில் நின்று பார்ப்பார். நான் வணக்கம் சொல்லமாட்டேன். அவ்வளவு கோபம்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. நன்றாக நனைந்ததுக்கு வேறென்ன வரும்? நான் படுத்திருந்த நாள்களில் மேக்கணக்குப் பிள்ளை ஒன்றுகூட இறங்கவில்லை என்று கேள்விப்பட்டு, காய்ச்சல் முழுதாக விடுமுன்பே எழுந்து வந்துவிட்டேன். விடிந்து கொஞ்ச நேரம்தான், நல்ல பனிமூட்டம். முற்றத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன், பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேன் ஒன்று ரோட்டில் நின்றது. கிளாக்கரய்யா மட்டும் இறங்கி மேலே ஏறி வந்தார். அவருடைய மனைவி அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும்.

"போயிட்டா டீச்சர்" என்றார். பெட்டியைத் திறந்து, கயிற்றை இறக்கி, தானே இழுத்தார். ஒன்று. நிறுத்தி, இன்னொன்று. வைத்திருந்த கோபமெல்லாம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகை வந்தது.

அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்துப் பக்கம் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து மேக்கணக்குப் பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். தலை வாராதது, சட்டை மாறிப் போட்டது, பையைத் தலையில் வைத்தது, எல்லாம் சிரித்துக்கொண்டு. வாரநாள் காலையில் கேட்டு எத்தனையோ நாளான மணி. வேகமா மெதுவா என்று நின்று கேட்கும் பொறுமை அவர்களுக்கு எங்கே? என் வகுப்புச் சின்னவள் ஒருத்தி மூச்சிரைக்க வந்து என் சேலையைப் பிடித்தாள். "டீச்சர், மணி அடிச்சிருச்சு! லேட்டுங்களா?"

கிளாக்கரய்யாவின் கை நின்றுவிட்டது. "ஏன் டீச்சர் இப்பிடி ஓடியாருதுங்க?"

"பள்ளிக்கூட மணின்னு நெனச்சுட்டாங்கய்யா. அவங்க மேல தப்பு இல்லீங்க. மணி கேட்டா வந்துருவாங்க."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். நான் உதட்டில் விரல் வைத்ததும் பிள்ளைகள் அமைதியாகி, கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர் மிச்ச மணியையும் அடித்து முடித்தார். எனக்கு அந்த நேரத்தில் துக்கமும் இருந்தது, பிள்ளைகள் வந்த சந்தோசமும் இருந்தது. இரண்டையும் மறைக்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அடக்கம். அதற்கு அடுத்த காலை வழக்கம்போல மேக்கணக்குப் பாதையில் பாதி தூரம் ஏறியிருந்தேன். கீழே மணி அடித்தது. விடாமல், வேகமாக. யாராவது பெட்டியை உடைத்துவிட்டார்களோ என்று பயந்து இறங்கி ஓடினேன்.

மணிக்கம்பத்தடியில் கிளாக்கரய்யா, கையில் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புப் பட்டியோடு. வயதான உடம்பு, மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"போதுமா டீச்சர்?"

"இன்னும் கொஞ்சம் அடிங்கய்யா" என்றேன். "மேக்கணக்குக்கு எட்டணும்."