பட்டறைக்குப் போன கரண்டி

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்று வளர்த்தது ஐந்து. மாடு கன்றுகளையும் சேர்த்தால் கணக்கு எங்கேயோ போகும். அவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் வளர்த்தேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரைக்கும் போனேன். என் பெயரை எழுதுவேன். கோயில் சுவரில் இருப்பதை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். காம்பாரில் கட்டடப் படிப்புப் படிக்கிறாள். மண்ணையும் தண்ணீரையும் பாழாக்காமல் வீடு கட்டுவது எப்படி என்று ஒரு பாடமாம். பச்சைக் கட்டடம் என்கிறாள். அதெல்லாம் உன் அம்மா காலத்திலேயே எங்கள் தோட்டத்தில் இருந்தது என்றேன். சிரித்தாள். அதற்காகத்தான் சொல்ல உட்கார்ந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. ஓர் ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை எழுத்தில் வைத்துவிட்டுத்தான் போவேன்.

எங்கள் தோட்டம் பேரா மாநிலத்தில், ஈப்போவுக்குத் தெற்கே இருந்தது. எழுபதுகளில் அதைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். ரப்பர் பால்மரம் போனது, பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பது நின்றது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் சத்தமும் நின்றது. லயத்து வீடுகளில் மட்டும் நாங்கள் மிச்சம். எங்கள் வீட்டுக்காரர் பீடோர் பக்கம் மரம் ஏற்றுகிற லாரியில் வேலைக்குப் போனார். நான் மாடு வைத்துக்கொண்டேன். வயசுப் பிள்ளைகள் வேலை இல்லாமல் பாலத்தில் உட்கார்ந்து சிகரெட் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஈப்போவிலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். ரப்பர் ஷீட்டு காயப்போடுகிற பழைய புகைக்கூடம் சும்மா கிடந்தது. அதைப் பட்டறை ஆக்கினார்கள். செம்மண்ணில் கொஞ்சம் சிமெண்டு கலந்து, நீளக் கைப்பிடி வைத்த ஒரு இயந்திரத்தில் அமுக்கினால் கல் மாதிரி வரும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். அந்தக் கல்லில் சுவர் கட்டவும், கூரையில் சூடு நிற்காமல் காற்று விடவும், மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கவும் இளசுகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சாணியைக் குழியில் கரைத்து மேலே ஒரு தகர டிரம்மைக் கவிழ்த்து வைப்பார்கள். அதிலிருந்து குழாய் வழியாக வாயு வந்து அடுப்பு நீலமாக எரியும். பார்க்க அழகாக இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

அந்தப் பட்டறைக்குத் தலைவராக எங்கள் தோட்டத்துப் பழைய கிராணியையே வைத்தார்கள். ஆபீசில் உட்கார்ந்து கணக்கெழுதி, எங்கள் பேருக்கு எதிரே கோடு போட்டவர். தோட்டம் போனாலும் அவருக்கு நாற்காலி போகவில்லை.

என் மூத்த மகளுக்கு, இதை எழுதுகிறவளின் அம்மாவுக்கு, அப்போது பதினேழு. நானும் போகிறேன் என்றாள். "பொம்பளப் பிள்ளைங்களையும் சேப்பாங்களாம்மா, சங்கத்து ஆளு சொன்னாரு" என்றாள். போ என்றேன். முதல் நாளுக்கு முந்தைய சாயங்காலம் லயத்து வாசலில் சைக்கிளில் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டு போனார்.

"நாளைக்குப் பட்டறை தொறக்குது! சேந்தவங்க எல்லாம் காலையில வந்துருங்க! கரண்டி கொண்டாங்க!"

எங்களுக்குத் தெரிந்த கரண்டி ஒன்றுதான். மாரியம்மன் திருவிழாவில் அன்னதானம் போட்டால் வீட்டுக்கு ஒரு கரண்டி கொண்டு போவோம். யார் வீட்டுக் கரண்டி பெரிசு, யார் வீட்டுக் கரண்டி பளபளப்பு என்று பெண்கள் பார்ப்பார்கள். பட்டறை திறக்கிறார்களே, சாப்பாடு போடுவார்கள் என்று நினைத்தேன். என்னுடைய பெரிய இரும்புக் கரண்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றி மகள் கையில் கொடுத்தேன்.

அவர்கள் சொன்னது கொத்துக்கரண்டி. சிமெண்டு பூசுகிற கரண்டி. பையன்கள் எல்லாம் ஈப்போவில் சீனன் கடையில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். என் மகள் துணியைப் பிரித்தாள்.

கிராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "டேய், இங்க பாருங்கடா, சமையக்காரி வந்துட்டா! கையோட கரண்டியும் கொண்டாந்துட்டா! போம்மா, அடுப்படி அந்தப் பக்கம்."

அன்றைக்குச் சோறாக்கினாள். மறுநாளும் சோறாக்கச் சொன்னார்கள். நான் நேரில் போய்க் கேட்டேன்.

"கிராணி ஐயா, எம் மகளச் செவரு கட்டப் பழக்கத்தான் அனுப்புனேன்."

"ஏம்மா, பொம்பளப் பிள்ளைக்கு எந்தக் கரண்டி அழகோ, அது அதத்தான் கொண்டாந்துச்சு. நானா கொண்டாரச் சொன்னேன்?"

சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். அன்றோடு அவள் பெயரே மாறிப்போனது. "ஏய் கரண்டி, கொழம்பு ஊத்து!" "கரண்டி, இன்னும் கொஞ்சம் சோறு!" பட்டறையிலிருந்து லயத்துக்கு வந்தது, லயத்திலிருந்து கோயிலுக்குப் போனது. பெண் கேட்டு வந்த ஒரு வீட்டார்கூட வாசலில் நின்று, "எந்தப் பிள்ளை, கரண்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள். நான் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. அடுப்படி ஜன்னல் வழியாகப் பையன்கள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். எனக்குத்தான் உள்ளே எரிந்தது. எந்த வாய் அவளைக் கரண்டி என்றதோ, அந்த வாயே நாலு பேர் நடுவில் அவளைக் கொத்தனார் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் கட்டையில் போவதில்லை என்று மாட்டுக் கொட்டகையில் நின்று சொல்லிக்கொண்டேன். மாடுகள்தான் சாட்சி.

அந்தச் சாணிக் குழிக்குச் சாணி என் கொட்டகையிலிருந்துதான் போனது. பழைய பால் வாளியில் தினமும் சுமந்து கொண்டு போய்க் கொட்டுவேன். நிறுத்தினேன். உடனே அணைந்துவிடும் என்று நினைத்தேன். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய சாணி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்குமாம், யாருக்குத் தெரியும்? நான் பொறுத்தேன். ஒரு நாள் டிரம் உட்கார்ந்தது, அடுப்பு புஸ்ஸென்றது. சாயங்காலம் கிராணி என் கொட்டகைக்கு வருவார், வாசலில் நிற்பார், என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன்.

அவர் வரவில்லை. ஒரு வேன் வந்தது. மேங்கிளம்பு போகிற வழியில் மாட்டுப்பட்டி வைத்திருந்த ஒரு சீக்கியப் பெரியவரிடமிருந்து டின் டின்னாகச் சாணி ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கிராணி சைக்கிளில் என் வாசலைத் தாண்டும்போது காலை ஊன்றி நின்றார்.

"ஒம் மாடு மட்டுமாம்மா பேராவுல சாணி போடுது?"

காலி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குப் புல் அள்ளப் போனேன்.

மறுநாள் மகளைப் பட்டறையிலிருந்து நிறுத்திவிட்டேன். அந்தக் கரண்டியைத் திரும்ப வாங்கி வரச் சொன்னேன். துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். அதை வைத்துப் பிறகு நான் ஒரு நாளும் குழம்பு ஊற்றவில்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். அங்கே கடைவீடுகள் கட்டிக்கொண்டிருந்த ஒரு சீன முதலாளியிடம், தவுக்கேயிடம், போய் நின்றேன். அவருடைய வேலையில் சீனத்துப் பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு சிமெண்டு சுமப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"தவுக்கே, இவ செவரு கட்டப் பழகணும்."

அவர் மகளின் கையைப் பார்த்தார். "போலே லா. தாப்பி ஜாங்ஙான் நாஙிஸ்" என்றார் மலாயில். முடியும், ஆனால் அழக்கூடாது.

"அவ அழ மாட்டா. அழுவுறது வேற ஆளு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

முதலில் சுமந்தாள். பிறகு கலந்தாள். அங்கே இருந்த ஒரு சீனத்து அக்கா சாப்பாட்டு நேரத்தில் தன் கொத்துக்கரண்டியை இவளிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவாளாம். அந்த நேரத்தில் கட்டிக் கட்டிப் பழகினாள். கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளையும் அதே வேலையில் மரவேலை செய்தவர்தான். பிள்ளை பிறந்தும் வேலைக்குப் போனாள். எண்பதுகள் பாதி தாண்டியபோது தவுக்கே தனியாக ஒரு வீட்டையே அவள் பொறுப்பில் விடுவார்.

அந்தப் பட்டறை அதற்குள் மூடிப்போய்விட்டது. பையன்கள் ஃபேக்டரிக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். கல் அமுக்குகிற இயந்திரம் மட்டும் கிராணி வீட்டுக் கொல்லையில் கிடந்தது. ஈப்போ ஓரத்தில் தனக்கு ஒரு வீடு கட்ட வேண்டும், அந்த மண்கல்லிலேயே கட்ட வேண்டும், மழைத்தொட்டி வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தன் பட்டறையின் பெருமை ஒரு வீடாகவாவது நிற்க வேண்டுமாம். தவுக்கேயிடம் வந்தார். தவுக்கே என் மகளை அனுப்பினார்.

எனக்குத் தெரிந்தபோது அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. "அந்தாளுக்கா கட்டப் போற?" என்றேன்.

"வேலதானம்மா. அந்தக் கல்லுல கட்டணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசை. ஜன்னல் வழியா பாத்ததுதான்."

"என்னா சொல்றாரு?"

"மொத நாளே, 'அட, நம்ம கரண்டியா!'ன்னாரு. சிரிச்சுட்டு வேலயப் பாத்தேன்."

அன்றைக்குப் பரணில் ஏறினேன்.

வீடு முடிந்தது. நல்ல வீடு. நடுப்பகலில் உள்ளே போனால் தண்ணீர்ப் பானைக்குள் இறங்கினது மாதிரி இருக்கும். புதுமனை புகுவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் கிராணியின் மனைவி என்னைத் தேடி வந்தார். அந்தம்மா நல்லவர்.

"அக்கா, வீட்டுக்குள்ள மொதல்ல பசு நொழையணும். கன்னோட ஒரு பசு வேணும். டவுன்ல எங்க போவேன்?"

"கொண்டு வாரேன்" என்றேன். கேட்ட வேகத்தில் சொன்னதைப் பார்த்து என் மகளுக்குச் சந்தேகம்.

விடியும் முன்பே பசுவையும் கன்றையும் லாரியில் ஏற்றினோம். மாட்டுக்கு ஒரு கட்டு புல்லும் எடுத்துக்கொண்டேன். புல்லுக்குள்ளே என் கரண்டி.

வீடு நிறைய ஆட்கள். பழைய பட்டறைப் பையன்களும் மீசையோடு, மனைவி மக்களோடு வந்திருந்தார்கள். என் பசு மஞ்சள் குங்குமத்தோடு உள்ளே போனது. கூடத்து நடுவில் நின்று, வாலைத் தூக்கித் தாராளமாகச் சாணி போட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். லட்சுமி வந்துவிட்டாள் என்றார்கள்.

"ஐயா, எம் மாடும் பேராவுலதான் சாணி போடுது, பாத்துக்கங்க" என்றேன்.

கிராணி என்னைப் பார்த்தார். அப்போதுதான் நான் யார் என்று அவருக்கு முழுசாக நினைவு வந்தது.

எங்கள் வழக்கத்தில் பால் காய்ச்சும் முன்னால் வீடு கட்டியவருக்கு மரியாதை. மட்டக்கோல், தூக்குக்குண்டு, கொத்துக்கரண்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன் வைப்பார்கள். பிறகு வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் கரண்டியை வைத்து, வீட்டுக்காரர் கொத்தனாரிடம் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். எல்லாரும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தட்டிலிருந்த கொத்துக்கரண்டி புல்லுக்குள் போனது. புல்லுக்குள் இருந்தது தட்டுக்கு வந்தது.

கற்பூரப் புகையில் கிராணி தட்டைத் தூக்கினார். என் மகள் எதிரே நின்றாள். நீட்டினார். நீட்டிய பிறகுதான் பார்த்தார். பின்னால் ஒரு மீசைக்காரன் களுக்கென்று சிரித்தான். அவனும் அந்தக் காலத்தில் குழம்பு கேட்டவன்தான்.

"என்னம்மா இது?"

"கரண்டி, ஐயா. பொம்பளப் பிள்ளைக்கு எது அழகுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அம்மா!" என்று மகள் பல்லைக் கடித்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"கொத்துக்கரண்டி எங்க?"

"யாருக்கு?"

"இதுக்குத்தான். இந்தப் பிள்ளைக்கு."

"இந்தப் பிள்ளை யாருங்கய்யா?"

குருக்கள் நல்ல நேரம் போகிறது என்றார். அடுப்பில் பால் பானை காத்திருந்தது. அவர் மனைவி மெதுவாக, "சொல்லிருங்களேன்" என்றார்.

"வீடு கட்டுன கொத்தனாரு" என்றார், தரையைப் பார்த்து.

"மாடு வாசல்ல நிக்குது. அதுக்கும் கேக்கட்டும்."

அவர் கழுத்து சிவந்தது. "வீடு கட்டுன கொத்தனாரம்மா! போதுமா?"

புல்லிலிருந்து கொத்துக்கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தேன். இரண்டு கையாலும் கொடுத்தார். "வாங்கிக்கங்க" என்றார். ங்க போட்டார். என் மகள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இந்தக் கரண்டி?" என்று அந்தம்மா கேட்டார்.

"இது ஒங்க வீட்டுக்கு. ஐயாவுக்குப் பிடிச்ச கரண்டி."

அந்தம்மா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு அதை எடுத்துப்போனார். முதல் பொங்கலை அதிலேதான் கிண்டினார்.

மகளும் நானும் மாட்டோடு லாரியில் திரும்பினோம். தோட்டத்துச் சந்து திரும்பும்போது, "ஒனக்கு வெக்கமா இல்லியாம்மா?" என்றாள்.

"இல்ல."

"நான் கட்டுன செவத்த ஒரு ஆளும் பாக்கல. ஒன் கரண்டியத்தான் பாத்தாங்க."

அது உண்மைதான். ஆனாலும் இன்னொரு தடவை அந்த நாள் வந்தால் நான் அதையேதான் செய்வேன், இன்னும் பெரிய கரண்டியாக எடுத்துக்கொண்டு போவேன்.

அதோடும் நான் விடவில்லை. ஈப்போ மார்க்கெட்டில் கிராணியை எங்கே கண்டாலும் ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்பேன். "பசியாறிட்டீங்களாய்யா? கரண்டி நல்லா இருக்கா?" என்னைக் கண்டால் மீன் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் சைவம். அவருடைய சாவு வீட்டுக்கும் போனேன். அங்கே மட்டும் கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

வீடு இன்னும் நிற்கிறது. மழைத்தொட்டியும் இருக்கிறதாம். நீ வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள். சுவரை நன்றாகப் பார், உன் அம்மாவுக்காக.

சரி, போதும். உன் அம்மா வந்தால் இதில் பாதியை எடுத்துவிடச் சொல்லுவாள். எடுக்காதே. எங்கே, முதலிலிருந்து ஒருமுறை வாசித்துக் காட்டு. கிராணி "வாங்கிக்கங்க" என்று சொல்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசி.