வெந்நீர்க் கலத்தின் மூக்கு

சென்ற மாதம் என் மகள், மலைப்பக்கம் குடும்பத்தோடு சென்று வருவதற்காகக் கேரவன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினாள். படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் உள்ளேயே அமைந்த நகரும் வீடு அது. ஓசூரில் எங்கள் தெருமுனையில் அது வந்து நின்றதும், எந்த நடிகர் வந்திருக்கிறாரோ என்று அண்டை வீட்டார் எட்டிப் பார்த்தனர். கைத்தடியுடன் நான் அதில் ஏறியதைக் கண்டு அவர்கள் அடைந்த ஏமாற்றத்தைச் சொல்லில் வடிக்க இயலாது. உள்ளே சென்று வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். அழுகிய முட்டையின் நாற்றம் குப்பென்று எழுந்தது.

"ஐயோ, என்னப்பா இது!" என்று மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வாசனைக்கு ஏதாச்சும் ஊத்தி அலசிடலாம் மேடம்" என்றார் ஓட்டுநர்.

"வேண்டா. கலத்தினுள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். அதை மாற்றிவிட்டுப் பிறகு அலச வேண்டும்" என்றேன்.

ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மெக்கானிக்கா சார்?"

"இல்லை. ஒரு மெக்கானிக்கின் பக்கத்தில் நின்றவன்."

சொல்லிவிட்டேனே தவிர, நாக்கு கசந்தது. பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவன் என்பதே உண்மை.

அந்த மெக்கானிக்கின் பெயர் முனிராஜ். தளிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ், சினம் வந்தால் தெலுங்கு. நான் நடத்திய தனிப்பயிற்சிக் கல்லூரி மாணவரின்றி மூடப்பட்டபோது எனக்கு நாற்பத்தைந்து அகவை. தமிழில் முதுகலை படித்தவனுக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையில் யார் வேலை தருவார்? கேரவன்களைக் கட்டியும் வாடகைக்கு விட்டும் வந்த ஒரு பட்டறையில், பழுதுபார்ப்புப் பதிவேடு எழுதும் மேற்பார்வையாளன் வேலை கிடைத்தது. திருகுளியைப் பிடிக்கத் தெரியாதவன் திருகுளி பிடிப்பவர்களை மேற்பார்த்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே பதிவேட்டைத் திருத்தி அமைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கட்டங்கள்: நாள், ஊர்தி, குறை, செய்த பணி, செய்தவர், பணித்தவர். அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் கோடிட்டேன். அதோடு நில்லாமல், வண்டியின் உறுப்புகளுக்கெல்லாம் தூய தமிழில் பெயரெழுதி ஒட்டினேன். வெந்நீர்க் கலத்தில், நீரின் அழுத்தம் மிகுந்தால் தானே திறந்து வெளியேற்றும் சிறு பித்தளைக் கருவி ஒன்று உண்டு. அதன்மேல் 'மிகையழுத்தம் தணிக்கும் தடுக்கிதழ்' என்று ஒட்டிய அன்று முனிராஜ் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இதை நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள டேங்கு வெடிச்சிரும். நான் மூக்குன்னே சொல்லிக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

வருத்தம் இருந்தது. ஆனால் ஒரே திங்களில் நானும் மூக்கு என்றே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு பெயர் பெற்றது. கொதித்த பாத்திரத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் படியும். ஆண்டுக்கொரு முறை முனிராஜ் கலத்தின் அடித்திருகைக் கழற்றி, உள்ளிருக்கும் கம்பியை உருவிக் காட்டுவார். விரற்பருமன் இருந்த கம்பி அரிபட்டுச் சொரசொரத்த ஈர்க்காய் வெளிவரும். "பாருங்க சார், உப்பு டேங்கைத் தின்னாம இதைத் தின்னுட்டுப் போவுது" என்பார். அப்போது வெளிப்படும் நாற்றம்தான் சென்ற மாதம் என் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் வாங்கித் தருவார். இன்றும் அழுகிய முட்டை நாறினால் எனக்கு இஞ்சித் தேநீர் குடிக்கத் தோன்றுகிறது. என் மனைவி இதை நோய் என்கிறாள்.

மூக்கு சில வேளை சொட்டும். அதற்கும் அவரிடம் ஒரு மருத்துவம் இருந்தது.

"தண்ணி சூடானா பெருக்கும் சார். அது பெருக்கறதுக்கு டேங்குல மேல கொஞ்சம் காத்து இருக்கணும். காத்து தீந்துபோனா மூக்கால அழுவுது. அடுப்பை அணைச்சு, மோட்டாரை நிறுத்தி, நல்லா ஆறவிட்டு, சுடுதண்ணிக் குழாயைத் தொறந்து வச்சு மூக்கைத் தூக்கிப் புடிக்கணும். தண்ணி நின்னு காத்து ஏறிக்கும். அம்புட்டுதான். ஆனா ரெண்டு மணி நேரம் ஆவும். அவசரப்பட்டா கை போயிரும்."

அந்த இரண்டு மணி நேரத்தை அவருக்குத் தராதவன் நான்.

தளியில் ரோசாத் தோட்டங்களுக்கிடையே ஒரு திரைப்படக் குழுவினர் படப்பிடிப்பு வைத்திருந்தனர். குளிர் மிகுந்த மாதம். புதிதாக வண்ணம் பூசிய வண்டி ஒன்றைப் பார்த்துச் செல்ல அவர்களின் ஆள் முற்பகலில் வருவதாயிருந்தது. காலையில் வந்த முதலாளி, வண்டியின் பக்கவாட்டில் மூக்கின் சொட்டு வெண்கோடாய் இறங்கியிருப்பதைக் கண்டார்.

"என்ன சார் இது, மாடு மூத்திரம் போன மாதிரி? பார்ட்டி பத்தரைக்கு வராங்க. லீக் நிக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அறைக்குள் சென்றார்.

முனிராஜிடம் வந்து, மூக்கை ஒரு போல்ட்டால் அடைத்துவிடும்படி சொன்னேன்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பேடா சார், வேண்டாம். எதை அடைச்சாலும் அடைக்கலாம், அதை மட்டும் அடைக்கக் கூடாது. ரெண்டு மணி நேரம் குடுங்க."

"நேரமில்லை. பார்த்துச் சென்றதும் எடுத்துவிடலாம். நான் சொல்கிறேன், செய்யுங்கள்."

"நீங்கதான் சொல்றீங்க, ஆமாவா?"

"நான்தான் சொல்கிறேன்."

அவர் அடைத்தார். பதிவேட்டில் 'கசிவு நிறுத்தப்பட்டது' என்று எழுதினேன். செய்தவர் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். பணித்தவர் என்ற ஆறாவது கட்டத்தை நான் நிரப்பவில்லை. மாலையில் போல்ட்டை எடுத்த பிறகு ஒன்றாக எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணினேன் என்பதே நான் எனக்குச் சொல்லிவந்த காரணம்.

வந்தவருக்கு வண்டி பிடித்துப்போயிற்று. அப்போதே கொண்டுபோக வேண்டும் என்றார். முனிராஜ் காலை உணவுக்குச் சென்றிருந்தார். சாவியை எடுத்துக் கொடுத்தவன் நான். போல்ட் என் நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் மறக்கவில்லை. முதலாளி அருகில் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று வாய் திறவாமல் நின்றேன். உணவுண்டு திரும்பிய முனிராஜ் வண்டி நின்ற வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார். "போல்ட்டு சார்!" என்றார். வண்டி நாளை வந்துவிடும் என்றேன்.

மறுநாள் விடியலில் தளியிலிருந்து அந்த வண்டியின் ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். சூடாகிப் பெருகிய நீருக்குப் போக்கிடம் இல்லாமல், கைகழுவும் தொட்டியின் அடியில் குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டுவிட்டது. தூரிகைகளை அங்கே கழுவிக்கொண்டிருந்த ஒப்பனைக்காரப் பெண்மணியின் வலக்கை முழங்கை வரை வெந்துவிட்டது. அவர் அழுதது எனக்குத் தொலைபேசியிலேயே கேட்டது. "இந்தக் கைய வச்சுத்தாண்ணா நான் சோறு துன்றேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதத்தில் கை தேறிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். நேரில் சென்று பார்க்கவில்லை. எந்த முகத்தோடு செல்வது?

முதலாளி பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்து எங்கள் இருவரையும் அழைத்தார்.

"முனிராஜ், இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"யாரைக் கேட்டு அடைச்ச?"

முனிராஜ் என்னைப் பார்த்தார். அப்பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக் காத்திருந்தார், அவ்வளவே. "சாரையே கேளுங்க" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். மகளின் கல்லூரிப் படிப்பும், மூடிய தனிப்பயிற்சிக் கல்லூரியின் பூட்டும் என் கண்முன் வந்தன. நான் பதிவேட்டை அருகில் இழுத்துப் பார்த்தேன், அதில் என்ன இருக்கிறதென்று தெரியாதவன் போல.

"யாரும் பணித்ததாகப் பதிவேட்டில் குறிப்பில்லை" என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசிய பிழையற்ற வாக்கியங்களுள் அதுவும் ஒன்று. முனிராஜ் அன்றே கணக்கு முடித்து அனுப்பப்பட்டார். ஸ்பேனர்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வாயில்வரை சென்றவர் திரும்பி வந்தார். ஏசப்போகிறார் என்று நின்றேன். ஏசியிருக்கலாம்.

"நாலாம் நம்பர் வண்டியில கம்பி மாத்தணும் சார். அடுத்த வாரம் மாத்தலாம்னு வச்சிருந்தேன். மறந்துராதீங்க" என்றார்.

மறக்கவில்லை. புதிதாக வந்தவரைக் கொண்டு மாற்றினேன். ஆறாவது கட்டத்தில் என் பெயரை முழுமையாக, தலைப்பெழுத்தோடு எழுதினேன். அன்றுமுதல் அப்பதிவேட்டில் அக்கட்டம் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் தளிக்குச் சென்று விசாரித்தேன். பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடைக்காரர் சிரித்தார். "எந்த முனிராஜ் சார்? கல்லு எடுத்து வீசினா ஒரு முனிராஜ் மேலதான் வுழும். பூந்தோட்ட முனிராஜா, டிராக்டர் முனிராஜா?" கேரவன் முனிராஜ் என்றேன். அப்படியொருவரை அவர் கேள்விப்பட்டதில்லை. திரும்பும் பேருந்தில் ஏறியபோது, அவர் கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தினூடே சிறிது நிம்மதியும் எனக்கு இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மகள் அமர்த்திய வண்டியின் கலத்தை ஓட்டுநர் தம் ஆளை வரவழைத்துக் கம்பியை மாற்றி அலசினார், நாற்றம் போய்விட்டது. அந்தப் பட்டறையும் இன்றில்லை. அவ்விடத்தில் உயர்ந்த தகரக் கூரையுடன் சரக்குக் கிடங்கு நிற்கிறது. முதலாளி ஊரை விட்டுப் போனார். நான் ஒட்டிய தமிழ்ப் பெயர்கள் வண்டிகளோடு இரும்புக்கடைக்குப் போயின. பட்டறையை மூடிய வாரத்தில் பதிவேடுகளைக் கட்டுக்கட்டாகப் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். செய்தி அறிந்து நான் ஓடிச் சென்றபோது, லாரி போய்விட்டது என்றார்கள். முனிராஜ் குற்றவாளி என்று சொல்லும் தாள் இப்போது உலகில் எங்கும் இல்லை. அதன் ஆறாவது கட்டமும் இல்லை. என் பெயரை எழுத இருந்த இடம் அது ஒன்றுதான்.