முள்ளிக்குளத்துக்கு வராத இலக்கம்

வீட்டுக்குள் அடிபடும் பெண்களுக்கு உதவும் ஒரு சிறிய நிறுவனத்தின் மன்னார் கந்தோரில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் உத்தியோகத்தர்கள் கிராமங்களுக்குப் போய், பெண்கள் சொல்வதைப் போனிலேயே பதிவுசெய்வார்கள்.

ஒருநாள் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து கணினிப் பாதுகாப்புச் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். முசலிப் பக்கக் கிராமங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அக்காவின் போன் உறையைக் கழற்றினார். உள்ளே ஒரு துண்டுக் காகிதம். அதில் பாஸ்வேர்ட்.

"பாரதூரமான பிழை. இவருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதுங்க," என்றார் என்னிடம்.

அக்கா தலை குனியவில்லை. "மாசா மாசம் மாத்தச் சொல்லுறியள் சேர். எழுத்து, இலக்கம், நட்சத்திரம் எல்லாம் வேணுமாம். பிழைச்சால் பூட்டுப்படுது. என்னெண்டு நினைவில வைக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது, அக்கா மேல் அல்ல. "நான் எழுத மாட்டன் சேர். நாளைக்கு அக்கா போற முள்ளிக்குளம் கிராமத்துக்கு எங்களோட வாங்கோ. நீங்களே பதிவைத் திறந்து காட்டுங்கோ. பிறகு கதைப்பம்."

அவர் வந்தார். அங்கே ஒரு பெண், கணவன் கடலுக்குப் போன நேரம் பார்த்து, அக்காவுக்காகக் காத்திருந்தாள். முன்பு சொன்னவற்றோடு புதிதாக நடந்ததையும் சேர்த்துப் பொலிசில் கொடுக்க அவளுக்கு ஓர் அறிக்கை வேண்டும். அதிகாரியும் நானும் தள்ளி, வாகனத்தடியில் நின்றோம்.

அக்காவின் போனில் பாஸ்வேர்டை அதிகாரி சரியாகத்தான் அடித்தார். அதன்பிறகு மெசேஜில் ஓர் இரகசிய இலக்கம் வரவேண்டும். சிக்னல் இல்லை. போனை உயர்த்திப் பிடித்தபடி றோட்டுவரை நடந்தார். இலக்கம் வந்து சேர்ந்தபோது அது காலாவதியாகியிருந்தது. மறுபடி முயன்றார். கணக்கே பூட்டுப்பட்டது.

அந்தப் பெண் எழும்பினாள். "அவர் கரைக்கு வாற நேரம். இன்னொருநாள் பாப்பம் அக்கா." சீலைத் தலைப்பால் கழுத்துக் காயத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

"இந்தப் பூட்டு ஆரை வெளியில நிப்பாட்டினது சேர், கள்ளனையா?" என்று கேட்டேன்.

"விதி விதிதான்," என்றார், என்னைப் பாராமல்.

கந்தோருக்குத் திரும்பியதும், எவரையும் கேட்காமல் எல்லாவற்றையும் மாற்றினேன். மாதாந்த மாற்றம் இல்லை. அவரவர் மனதில் நிற்கும் ஒரு நீண்ட வசனமே பாஸ்வேர்ட். சிக்னல் இல்லாமலே இரகசிய இலக்கத்தைப் போனுக்குள்ளேயே காட்டும் ஒரு செயலி. அவரவர் பகுதிப் பதிவுகள் மட்டும் அவரவருக்குத் தெரியும்.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டு இருத்தினேன். "அடிக்கிற மனிசன்மார் தேடுறது இந்தப் பதிவுகளைத்தான். உங்கட பாஸ்வேர்ட் வெளியில போனால், பெண்சாதி எங்க ஒளிச்சிருக்கிறா எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். நான் கேட்டாலும் சொல்லாதேங்கோ."

"இதை முதலே சொல்லியிருந்தால்!" என்றார் அக்கா. "கொழும்புக்காரர் சும்மா போட்ட சட்டமெண்டல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்." துண்டுக் காகிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

எச்சரிக்கைக் கடிதம் என் பெயருக்கு வந்தது. அனுமதியின்றி மாற்றினேனாம், பழையபடி ஆக்க வேண்டுமாம். "ஆக்க மாட்டேன். முள்ளிக்குளத்தில் நின்றபடி எவராவது திறந்து காட்டட்டும், பிறகு பார்ப்போம்" என்று பதில் எழுதினேன். இன்றுவரை மறுமொழி இல்லை.

அக்கா மீண்டும் போனபோது அந்தப் பெண் வந்தாள். பதிவு உடனே திறந்தது. அறிக்கையோடு இருவருமாகப் பொலிசுக்குப் போனார்கள். இன்னொரு கடிதம் வந்தாலும் என் பதில் அதேதான்.