பந்தைத் தொடாத ஃபார்வேர்டு

நானும் அவனும் ஒரே பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஒன்றாக மெக்கானிக்கல் படித்தோம். நான் கல்லூரி ஃபுட்பால் அணியின் ஃபார்வேர்டு, கடைசி வருஷம் கேப்டன். அவன் அதே அணியில் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கீப்பருக்கு ஒரு காய்ச்சல்கூட வராத காரணத்தால் மூன்று வருஷமும் அவனுக்கு ஒரு மேட்ச்கூட ஆடக் கிடைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அப்போதெல்லாம் அவன்மேல் எனக்குப் பரிதாபம்தான். அவனைப் பார்த்து நான் வயிறெரியும் காலம் வரும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தோஹா தொழில்பேட்டைக்கு, அதாவது எங்கள் எல்லார் வாயிலும் சனையாவுக்கு, நான்தான் முதலில் வந்தேன். ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியின் ஸ்டோரில் வேலை. நாலு வருஷம் கழித்து அதே கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் பிரிவுக்கு அவன் வந்தான். எந்த கேம்ப்பிலிருந்து எந்த சைட்டுக்கு எந்த பஸ் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று பார்ப்பது அவன் வேலை. பழைய சிநேகிதன் என்று கேம்ப் பாஸிடம் சொல்லி என் ரூமிலேயே கட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

குளிர்காலம் வந்தால் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு செவன்ஸ் நடத்துவார்கள். படித்த கல்லூரியின் பெயரில் அணி. பக்கத்துக்கு ஏழு பேர். வேர்ஹவுஸ்களுக்குப் பின்னால் லாரி நிறுத்துகிற மண்தரையைச் சமப்படுத்தி, வெள்ளிக்கிழமை காலைகளில் ஆட்டம். எங்கள் அணியில் ஆளைத் திரட்டுவது, யார் எங்கே நிற்பது, எப்படி அடிப்பது எல்லாம் என் பொறுப்பு. யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. கேப்டனாக இருந்தவன் என்பதால் அப்படியே வந்துவிட்டது.

எங்களால் ஜெயிக்கவே முடியாத அணி ஒன்று இருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்த இன்னொரு பாலிடெக்னிக். அவர்களுடைய பின்வரிசையில் மூன்று பேர். மூன்று பேரும் இங்கேயும் ஒரே சாரக்கட்டு கேங்கில் வேலை பார்த்துவிட்டு, பிறகு ஒரே வாடகை மெஷின் யார்டுக்கு மாறியவர்கள். ஒருவரோடொருவர் பேசாமலே நகர்வார்கள். நடுவில் நிற்கிற ஸ்டாப்பர் முன்னால் வந்தால், மற்ற இருவரும் அவன் விட்டுவந்த இடத்தைக் கதவு சாத்துவதுபோல் மூடிவிடுவார்கள். இரண்டு வருஷம் அந்தக் கதவில் மோதி மோதித் திரும்பியிருந்தேன். ஒரு கோல்கூட விழவில்லை.

மூன்றாம் வருஷம் ஃபைனலில் மறுபடியும் அவர்கள்தான். ஒரு சாயங்காலம் எங்கள் ரூமில் ஏழு பேரும் கூடினோம். வழக்கம்போல நான்தான் பேசினேன். வேகமாக அடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் பந்தை மாற்ற வேண்டும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். போன இரண்டு வருஷமும் இதைத்தான் சொன்னேன், இதற்குத்தான் தலையாட்டினார்கள்.

அப்போது, இங்கேயும் மாற்று கீப்பராகவே இருந்த என் சிநேகிதன் தன் கட்டிலிலிருந்து இறங்கி, தானும் ஒரு விஷயம் சொல்லலாமா என்று கேட்டான். போன வருஷ ஆட்டத்தை யாரோ போனில் எடுத்திருந்த வீடியோவைப் பல தடவை பார்த்திருக்கிறானாம். தரையில் உட்கார்ந்து, என் ஸ்டோர் பைக்குள் கிடந்த நட்டுகளையும் வாஷர்களையும் எடுத்து அடுக்கினான். நட்டு அவர்கள், வாஷர் நாங்கள். கல்லூரி நாளில் நான் ஒரு தடவை அந்த ஸ்டாப்பரை ஏமாற்றி கோல் போட்டிருந்தேன். அதை ஸ்டாப்பர் மறக்கவேயில்லை, அதனால் நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறான், பந்து வேறு பக்கம் இருந்தாலும் வருகிறான் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். நான் இடதுபக்கக் கோட்டோரம் போய் நின்றால் ஸ்டாப்பரும் அங்கே வருவான். நடு காலியாகும். அதற்குள் பின்னாலிருந்து எங்கள் எலக்ட்ரீசியன் ஓடிப்போக வேண்டும். எலக்ட்ரீசியன் எங்கள் பின்வரிசை ஆள்; கனத்த உடம்புக்காரர், யாரும் அவரைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"நீ பந்தத் தொடவே வேண்டாம் மக்கா. அவனக் கூட்டிட்டுப் போயி அங்கன நில்லு. அது போரும்."

அது சரியான யோசனை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தப்பான யோசனையாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. இரண்டு வருஷம் அந்த ஸ்டாப்பரின் மூச்சு பிடரியில் படப்பட ஓடியவன் நான். எனக்குத் தெரியாதது, மேட்சே ஆடாத இவனுக்குத் தெரிந்திருக்கிறது. "நல்ல ஐடியாதான்" என்று எல்லாருக்கும் முன்னால் நானே சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது. அணியின் வாட்ஸப் குரூப்பில் சந்தேகம் கேட்பவர்கள் அவன் பெயரைப் போட்டுக் கேட்டார்கள். டூட்டி பஸ்ஸில் எலக்ட்ரீசியன் என் பக்கத்து சீட்டை விட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எங்கள் கீப்பர் அவனை "கோச்சே" என்று கூப்பிட ஆரம்பித்தான். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்பான். அந்த வெட்கத்தைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. பிராக்டிஸில் கோட்டோரம் சும்மா நிற்கும்போது, கல்லூரியில் நான் உட்காரவைத்த பெஞ்சில் இப்போது அவன் என்னை உட்கார வைத்துவிட்டான் என்று நினைத்தேன். அவனை உட்காரவைத்தது நான் அல்ல, எங்கள் பி.டி. மாஸ்டர். ஆனால் வயிறெரியும்போது கணக்கெல்லாம் அப்படித்தான் வரும்.

அந்த ஸ்டாப்பர் வேலை பார்க்கும் யார்டு என் ஸ்டோருக்கு அடுத்த கேட். பத்து மணிக்கு மூலையிலுள்ள மலையாளி கடையில் கரக் சாயா குடிக்க இருவரும் வருவோம். மைதானத்தில்தான் பகை, வெளியில் ஊர்க்காரன். ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால் அவன் சிரித்துக்கொண்டே, இந்த வருஷமும் என்மேல் வந்து முட்டத்தானே போகிறாய் என்று கேட்டான்.

பதில் சொல்லாமல் டீயைக் குடித்திருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை கோட்டோரம் பந்தில்லாமல் நிற்கப்போகிற என்னை இவன் பார்ப்பான், ஓய்ந்துபோனான் என்று நினைப்பான் என்பது மனசுக்குள் குத்தியது.

"நான் பந்தத் தொடப்போறதே இல்லடே. எம் பொறத்தால வந்து நின்னியன்னா நீதான் ஏமாந்து போவ" என்றேன்.

அவன் கப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். ஸ்டோருக்கு நடக்கும்போதுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. வாய் தவறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. என் சிநேகிதனுடைய பிளான் இனி பலிக்காது என்று நினைத்தபோது உள்ளே ஒரு ஓரத்தில் நிம்மதியாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கியது. நான் இடதுபக்கக் கோட்டோரம் போனேன். ஸ்டாப்பர் வரவில்லை. நடுவிலேயே நின்றான். எலக்ட்ரீசியன் பின்னாலிருந்து ஓடிவந்தபோது நேராக அவன்மேல் போய் மோதி விழுந்தார். இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஓடத் தயாராக நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன். என்னைச் சுற்றி ஆளே இல்லை. பந்தை என்னிடம் தரக்கூடாது என்பது ஏற்பாடு என்பதால் யாரும் தரவும் இல்லை.

பாதி நேரம் வரை யாரும் கோல் போடவில்லை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். வெளியே நின்றிருந்த என் சிநேகிதன் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக்கொண்டே வந்தான். என்னிடம் வந்தபோது ஒரு தடவை முகத்தைப் பார்த்தான். பிறகு எல்லாருக்கும் பொதுவாக, நம்முடைய பிளான் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றான். எப்படி என்று கீப்பர் கேட்டான். எப்படியோ, இப்போது அது முக்கியமில்லை என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தான். எலக்ட்ரீசியன் முன்போலவே நடுவில் ஓட வேண்டும். ஸ்டாப்பர் அவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இந்தத் தடவை பந்து நடுவுக்குப் போகக்கூடாது. இடதுபக்கம் போக வேண்டும்.

"அவன்மாரு ஒன்ன விட்டுட்டானுவ. இனி நீ தொட்டுக்கோ மக்கா" என்றான் என்னிடம்.

அப்படியே நடந்தது. எலக்ட்ரீசியன் ஓடினார், ஸ்டாப்பர் அவரோடு ஒட்டிக்கொண்டான், பந்து என் காலுக்கு வந்தது. எனக்கு முன்னால் அவ்வளவு வெற்றிடத்தை நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை. நாலடி ஓடி, தூரத்துப் போஸ்டைப் பார்த்துத் தாழ்வாக அடித்தேன். கோல். அதோடு அவர்கள் எவ்வளவோ முட்டியும் எங்கள் கீப்பர் ஒன்றையும் விடவில்லை. விசில் ஊதியதும் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

கை கொடுக்க வந்த ஸ்டாப்பர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "டீக்கடையில சொன்னத நம்பினேன் பாத்துக்கிடுங்க. வேணும்னே சொல்லி என்ன ஏமாத்திட்டான். இவன் மூளக்காரன்."

எங்கள் ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியா, இதுவும் பிளானா, எங்களிடம்கூடச் சொல்லவில்லையே என்றார்கள். எலக்ட்ரீசியன் ரத்தம் காய்ந்த கையால் என் தோளில் தட்டினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தேன். என் சிநேகிதன் கொஞ்சம் தள்ளி நின்று காலி பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். என் சிரிப்பைப் பார்த்தான்.

ஆசைப்பட்டதெல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. கோலும் என்னுடையது, மூளையும் என்னுடையது என்று ஊரே சொன்னது. ஒரு வாரம் சனையாவில் எங்கே போனாலும் அந்த டீக்கடைக் கதையைக் கேட்டார்கள். ஆனால் ரூமுக்குத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்ததும் என் பொறாமை ஒரு சொட்டுகூடக் குறையவில்லை என்பது தெரிந்தது. இன்னும் கூடியிருந்தது. பாதி நேரத்தில், பத்து நிமிஷத்துக்குள், கெட்டுப்போன ஒரு திட்டத்தை அப்படியே திருப்பிப்போட என்னால் முடிந்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். வேண்டுமென்றேதான் சொன்னாயா என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாய் தவறியதை, அதற்குப் பிறகு வந்த நிம்மதியை, அவன்மேல் எனக்கிருந்த எரிச்சலை. அவன் ஒரு சட்டையை உதறிப் போட்டான்.

"ஹாஃப் டைம்லயே தெரியும். அப்பக் கேட்டிருந்தா நீ செகண்ட் ஹாஃப் ஒழுங்கா ஆடிருக்க மாட்ட. அதான் கேக்கல."

கிளிப்புகளை மாட்டி முடித்தபின் மறுபடி பேசினான். "நீ சொன்னதுகூடப் போட்டும். அவங்க கேட்டப்ப சிரிச்ச பாத்தியா. அதத்தான் என்னால மறக்க முடியல."

சண்டை போடவில்லை. அடுத்த மாதம் கம்பெனியின் இன்னொரு கேம்ப்புக்கு மாறிப்போனான். ஆபீஸிலிருந்து மாற்றிவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னான். அவனே எழுதிக் கேட்டு வாங்கிய மாறுதல் என்று டிரான்ஸ்போர்ட்டில் இருந்த டிரைவர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அவன் மனசு கஷ்டப்படக்கூடாது என்று விட்டுக்கொடுத்துப் பேசுகிறேன் என்றார்கள். எலக்ட்ரீசியன் மட்டும் தன் முழங்கையைத் தடவிக்கொண்டே எழுந்து போனார். அவர் நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். அடுத்த குளிர்காலம் பிளான் நான்தான் போட்டேன். முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம்.

போன ஜனவரியில் அவனைப் பார்க்கப் போனேன். அவன் கேம்ப்புக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. நேபாளிகளும் ஆப்பிரிக்கர்களும் நம்மவர்களுமாகக் கலந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் கோட்டுக்கு வெளியே நின்று இந்தியில் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினான். பக்கத்தில் போனதும், ஷூ கொண்டுவந்திருக்கிறாயா, ஒரு ஆள் குறைகிறது என்றான். கேன்வாஸ் ஷூவோடு இறங்கினேன். வலதுபக்கம் கோட்டோரம் போகச் சொன்னான். போனேன். எனக்காக ஒரு டிஃபெண்டர் கூடவே வந்தான்.

நடுவில் அந்த டிஃபெண்டர் விட்டுவந்த இடத்துக்குள் ஒரு நேபாளி பாய்ந்து போய் கோல் அடித்தான். அடித்தவன் மைதானத்தைக் குறுக்காக ஓடிவந்து, கோட்டுக்கு வெளியே நின்ற என் சிநேகிதனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அவன் சிரித்துக்கொண்டே இறக்கிவிடச் சொன்னான். நான் நின்ற இடத்திலேயே நின்று இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினேன். அவனிடம் அப்படி ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற உரிமை அந்த நேபாளிக்கு இருக்கிறதே என்று அந்த ஒரு நிமிஷம் பொறாமையாக இருந்தது.