கடைசிப் பக்கத்துப் பிராணிகள்

நேற்று மத்தியானம் என் கைப்பேசி ஒரு கேள்வி கேட்டது. மங்கலான படங்கள், ஒரே மாதிரியான படங்கள், நெடுநாளாக நான் எட்டிப்பார்க்காத படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று. மரியாதையாகத்தான் கேட்டது. 'அழி' என்ற பொத்தானை நீல நிறத்தில் பெரிதாகவும், 'வேண்டாம்' என்பதைச் சாம்பல் நிறத்தில் ஓரமாகவும் வைத்திருந்தது. அந்தத் தந்திரம் எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன். தூக்கிய விரலை எதையும் தொடாமல் மடக்கிக்கொண்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் ஒரு காலத்தில் நாய் பூனைகளுக்குத் தேர்தல் நடத்தியவன்.

சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கே திரும்பியிருந்தேன். கூடப் படித்த தேன்மொழியும் நானும் சேர்ந்து வெப்சைட் செய்துகொடுக்கும் தொழில் தொடங்கினோம். தேன்மொழிக்குத் திருவையாறு பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா இரண்டு பேரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். அந்தத் தெருவிலேயே முதலில் கம்ப்யூட்டர் படித்தவள் அவள்தான். அலுவலகம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது ஓர் உரக்கடையின் மாடி அறை. இன்றைக்கும் எங்காவது பூச்சிமருந்து நெடி அடித்தால் என் விரல்கள் கீபோர்டைத் தேடும். சம்பா நடவு நேரத்தில் மாடிப்படி வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் மேலே போகவேண்டும்.

"மேல என்ன கடை தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

"வெப்சைட்டுங்க."

"அது எந்தப் பூச்சிக்குக் கேக்கும்?"

தேன்மொழி ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கல்யாண மண்டபம், அரிசி ஆலை, டியூஷன் சென்டர் என்று வந்த வேலைகள் முடிந்து, கையில் ஒன்றும் இல்லாத ஒரு மாதத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டுப் பிராணிகளின் படங்களை யார் வேண்டுமானாலும் போடலாம். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். பிடித்ததைத் தொட்டால் அதற்கு ஓட்டு. விழுகிற ஓட்டுக்கு ஏற்ப ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு ரேங்க்.

"மொத பத்து பேரை மட்டும் காட்டுனா போதாதா?" என்றாள் தேன்மொழி.

"கடைசி வரைக்கும் காட்டணும். அப்பதான் போட்டி."

"கிளாஸ்ல நீ எப்பவும் மொத அஞ்சுக்குள்ள வந்தவன். ஒனக்கு அப்படித்தான் தோணும்."

நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் திறந்துவிட்டோம். தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் போட்டோம். முதல் நாள் பதினாறு படங்கள். அதில் மூன்று எங்கள் வீடுகளில் இருந்து. அடுத்த வாரமே எப்படியோ பற்றிக்கொண்டது. கருத்துப் பெட்டி என்று ஒன்று வைத்திருந்தேன். அதைத் திறந்தால் பொழுது போவதே தெரியாது. 'மாடு வீட்டுப் பிராணியா இல்லையா, முதலில் அதைச் சொல்லுங்கள்' என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். 'எதிர்வீட்டு நாய்க்கு ஓட்டு ஏறுவதற்குக் காரணம் அழகு அல்ல, அந்த வீட்டில் ஒன்பது பேர்' என்று ஒரு புகார். முத்துப்பேட்டையில் இருந்து ஒரு படகுக்காரர், படகின் மூக்கில் நிற்கும் தன் நாயின் படத்தைப் போட்டு, 'இது வலது பக்கம் வரும்போது தோற்கிறது, இடது பக்கமே வைக்கவும்' என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்தது. வலது பக்கத்துப் படம் சின்ன போன்களில் பாதிதான் தெரிந்தது. அதைச் சரிசெய்தேன். மாட்டையும் சேர்த்துக்கொண்டேன். நாலு பேர் பாராட்டி எழுதினார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது.

அப்போதுதான் முருகையன் எழுதினார். மஸ்கட்டில் டிரைவர். சொந்த ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். லீவில் வந்திருந்தபோது எடுத்த படத்தை, திரும்பிப் போகிற அன்று வீட்டில் உட்கார்ந்தே எங்கள் தளத்தில் ஏற்றியிருக்கிறார். அறுப்பு முடிந்த வயலின் வரப்பில் ஒரு செம்பழுப்பு நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும், கண் பாதி மூடியும். காலை வெயில் எடுத்தவரின் முதுகுப் பக்கம் இருந்திருக்க வேண்டும். அவருடைய நிழல் அறுத்த நெல்லின் தாள்கட்டைகளின் மேல் நீளமாக விழுந்திருந்தது. படம் எடுக்கத் தெரியாதவர் எடுத்த படம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

'சார், எங்க துரை கடைசிக்கு முந்தின இடத்துல இருக்கான். என் மக யாழினி தினம் பாக்குறா. போன் பண்ணா சரியா பேச மாட்டேங்குறா. படம் இருக்கட்டும். அந்த நம்பரை மட்டும் எடுத்துட முடியுமா?'

நான் என்ன பதில் எழுதினேன் என்பது வரி மாறாமல் நினைவிருக்கிறது. 'தரவரிசை மக்களின் ஓட்டுப்படி தானாகவே அமைகிறது. இதில் நாங்கள் தலையிட இயலாது. தெளிவான, வெளிச்சமான படத்தைப் பதிவேற்றினால் வாய்ப்பு கூடும்.' அந்த 'இயலாது' என்ற வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரிய கம்பெனிக்காரன் மாதிரி இருந்தது. தேன்மொழி அதைப் படித்துவிட்டு, "நம்பரை எடுக்க ஒனக்கு எவ்ளோ நேரம் ஆகும்?" என்றாள். ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் ஒருவருக்கு எடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று வியாக்கியானம் செய்தேன்.

படங்கள் சேரச் சேர சர்வரில் இடம் போதாமல் தளம் தள்ளாட ஆரம்பித்தது. படத்தைத் தொட்டால் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அறுப்பு நேரம், அப்பா அம்மாவுக்கு ஒத்தாசையாக என்று தேன்மொழி நாலு நாள் ஊருக்குப் போயிருந்தாள். போகும்போது, "எதையாவது அழிக்கிறதா இருந்தா போட்டவங்களுக்கு மொதல்ல ஒரு மெயில் அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். மங்கல், இருட்டு, ஆட்டம். இதையெல்லாம் யார் தேடப்போகிறார்கள் என்று தோன்றியது. ஓட்டே விழாத படங்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அழித்தேன். நகல் எடுத்து வைக்கவில்லை. தளம் காற்று மாதிரி ஓடியது. கீழே இறங்கிப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, தேன்மொழி போனை எடுத்து "சொல்லுங்கக்கா, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறிக்கொண்டே வந்தது. பேசியது முருகையனின் மனைவி விஜயா. துரை மூன்று நாளாக ஒன்றும் தின்னாமல் கிடந்து செத்துப்போயிற்று. படத்தைப் பார்க்கலாம் என்று பாப்பா தேடினால் அங்கே ஒன்றும் இல்லை. படம் எடுத்த போன் மஸ்கட்டில் இறங்கிய மாதமே தொலைந்துவிட்டது. வேறு படம் கிடையாது.

"அதான் அங்கயே இருக்கே, எப்ப வேணா பாத்துக்கலாம்னு இருந்துட்டோம்" என்றாராம்.

தேன்மொழி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு நாள் சர்வரைக் குடைந்தேன். கடைசியில் ஒரு மூலையில், பட்டியல் பக்கத்துக்காகத் தளம் தானே வெட்டி வைத்துக்கொண்ட தபால்தலை அளவுப் படம் ஒன்று கிடைத்தது. அதை முடிந்த மட்டும் பெரிதாக்கி, ஸ்டூடியோவில் கொடுத்து அச்செடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் பாபநாசத்துக்குப் பஸ் ஏறினோம்.

வாய்க்கால் ஓரமாக நடந்து போய் விசாரித்தோம். விஜயா வாசலுக்கே வந்து, "வாங்க தம்பி, வாம்மா. இதுக்காகவா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்றார். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். எனக்கு உட்காரவே கூசியது.

"என்ன ஆச்சு தம்பி அந்தப் படத்துக்கு?"

சொல்லவேண்டும் என்றுதான் போயிருந்தேன். பஸ்ஸில் ஒத்திகை கூடப் பார்த்திருந்தேன்.

"சர்வர் கெட்டுப்போச்சுக்கா. அதுல நெறைய படம் போயிருச்சு."

"மெஷினு அப்படித்தான். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

பக்கத்தில் தேன்மொழி, அவர் கொடுத்திருந்த வறக்காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாழினி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தாள். ஐந்தாவது படிக்கிற பிள்ளை. படத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். துரையின் முகம் தெரிந்தது. மடங்கிய காதும் தெரிந்தது. அவள் படத்தின் கீழ் விளிம்பை விரலால் தடவினாள். பின்பக்கம் திருப்பியும் பார்த்தாள்.

"அப்பா நெழல் எங்க?"

பட்டியலுக்கான சின்னப் படங்களை மட்டும் எங்கள் தளம் சதுரமாக வெட்டும். நிழல் விழுந்த பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அவள் இத்தனை நாளும் தினம் திறந்து பார்த்தது நாயை மட்டும் அல்ல என்பது எனக்கு அந்த வாசலில்தான் புரிந்தது.

"சும்மா இரு பாப்பா. தேடி எடுத்துட்டு வந்துருக்காங்கல்ல" என்று விஜயா அதட்டினார். புறப்படும்போது ஒரு பை நிறையப் புது உளுந்து கொடுத்தார். வேண்டாம் என்றால் விடவில்லை.

திரும்பி வரும்போது அந்தப் பை என் மடியில் இருந்தது. பஸ் அய்யம்பேட்டையைத் தாண்டியது. "மெஷினா?" என்றாள் தேன்மொழி.

நான் வெளியே பார்த்தேன்.

"நானே சொல்லிருப்பேன். நீ சொல்லுவேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் அவளே உட்கார்ந்து ரேங்க் நம்பர்களை எல்லாம் எடுத்தாள். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. அந்த வாரம் முருகையன் எழுதினார்: 'ரொம்ப நன்றி சார். வீடு தேடிப் போயி குடுத்தீங்களாமே. மக இப்ப நல்லா பேசுறா.' அதற்கு நான் பதில் எழுதவில்லை. கருத்துப் பெட்டிக்கு வந்தவற்றில் நான் பதில் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

பிறகு ஒருமுறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். பாபநாசத்தில் இறங்கி ஒரு டீ குடித்தேன். எதிரே தஞ்சாவூர் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

தளம் அடுத்த வருடம் மூடியாயிற்று. தேன்மொழி பெங்களூருக்குப் போய்ப் பெரிய வேலையில் இருக்கிறாள். பொங்கலுக்குப் பேசுவோம், இந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுப்பதில்லை. உரக்கடையையும் மாடியையும் இடித்துவிட்டு நகைக்கடை கட்டியிருக்கிறார்கள். யாழினி இந்நேரம் கல்லூரி முடித்திருப்பாள்.

அன்றைக்கு அழித்தவற்றில் துரை ஒருவனைத்தான் எனக்குத் தெரியும். மற்ற படங்களைப் போட்டவர்கள் கேட்கவில்லை, அல்லது கேட்டு எழுதுவதற்குள் தளமே இல்லாமல் போயிருக்கும். படங்கள் போனாலும், போட்டவர்கள் எழுதிய பெயர்ப்பட்டியல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. எப்போதாவது திறந்து பார்ப்பேன். ராக்கெட், குட்டியம்மா, கலெக்டர், வெள்ளச்சி, மீசை. எது நாய், எது பூனை, எது மாடு, ஒன்றும் தெரியாது. ஒன்றுக்கும் முகம் இல்லை. நடுவில் ஒரு வரியில், பெயர் எழுதவேண்டிய இடத்தில் யாரோ இப்படி எழுதியிருக்கிறார்கள்:

'இன்னும் பேரு வெக்கல. வந்து நாலு நாள்தான் ஆகுது.'