“பைய” என்றால் பை அல்ல

ஆடி பிறந்து ஒரு வாரம். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் என் மகள் யாழினிக்கு பி.எட். தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. சென்னையில் விண்ணப்பித்த எதிலும் கிடைக்காததால் இந்த வருடத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவளுக்கோ அரை மனசு. “அந்த ஊர்ப் பேச்சே வேறம்மா. நான் எப்படிப் பாடம் எடுக்கிறது?” என்றாள். நான் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். இருபது வருடமாக அடுத்தவர் தமிழில் பிழை பார்த்துப் பிழைக்கிறேன். “தமிழ்தானே, எல்லாம் புரியும்” என்று அடித்துச் சொன்னேன்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறி, புதன் காலை திருச்செந்தூர். முருகனைப் பார்க்கப் பொது வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றோம். கால் வலிதான், ஆனால் உள்ளே போனதும் மறந்துவிட்டது. மாலையில் ஏழு கிலோமீட்டர் ஆட்டோவில் போய், காயல்பட்டினம் கடற்கரையில் காற்று வாங்கினோம்.

வியாழன் காலை 9.10க்கு நெல்லைப் பேருந்து. பாளை வரை ஐம்பது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஆழ்வார்திருநகரி தாண்டினால் வாழைத்தோட்டம், வயல், அவற்றுக்கு அப்பால் அவ்வப்போது தாமிரபரணி. பாளைக்குள் நுழைந்ததும் காட்சி மாறிவிடும். திரும்பிய பக்கமெல்லாம் பள்ளிக்கூடம், சாலை முழுக்கச் சீருடை.

எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போதுதான் வினை. படி உயரம். தோளில் ஒரு பை, கையில் சான்றிதழ்ப் பை. வாசலில் நின்ற நடத்துநர் கையை நீட்டி, “பைய, பைய! பைய எறங்குங்க!” என்றார். பையை இறக்கித் தருகிறேன் என்கிறார், எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்துச் சான்றிதழ்ப் பையை அவரிடம் கொடுத்தேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு அதைத் தன் இருக்கையில் வைத்தார். நாங்கள் இறங்கிய நொடியில் பின்படியிலிருந்து யாரோ “போலாம் ரைட்” என்று குரல் கொடுக்க, வண்டி போயே போய்விட்டது.

“அம்மா, பை எங்கம்மா?” என்றாள் யாழினி. மணி 10.55.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தே, “பதறாதிய யக்கா. அந்த வண்டி புது பஸ் ஸ்டாண்டுல இருவது நிமிசம் நிக்கும். ஏறுங்க” என்றார். ஐந்து கிலோமீட்டர் தூரம். வழியில் நடந்ததைச் சொன்னேன்.

“பையத் தாங்கன்னு கேட்டாரா, பைய எறங்குங்கன்னாரா?”

“பைய இறங்குங்கன்னுதான்...”

அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒருமுறை குலுங்கியது. “யக்கா, பையன்னா மெதுவா! விழுந்துறாம எறங்குங்கன்னு சொல்லிருக்காவ!”

அழுகையை அடக்கிக்கொண்டிருந்த யாழினி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நடத்துநர் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி பேருந்துக்கு வெளியிலேயே நின்றிருந்தார். “நான் ஒண்ணு சொல்லுதேன், நீங்க பையத் தந்துட்டுப் போறிய. எனக்கு ஒண்ணும் வெளங்கல போங்க” என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

11.40க்குக் கல்லூரியில் இருந்தோம். சான்றிதழ்களைச் சரிபார்த்த பேராசிரியை, இந்த ஊர்க்காரர், யாழினியிடம் கேட்டார். “இங்கன ஒரு பிள்ள பரீட்சையில ‘அண்ணன் வேலை செய்யுதான்’னு எழுதுனா என்னம்மா செய்வே?”

“காலையில கேட்டிருந்தா, சிவப்பு மையால அடிப்பேன்னு சொல்லியிருப்பேன் மேடம். இப்ப, அந்தப் பிள்ளை பேசுறதை முதல்ல ஒழுங்கா காது கொடுத்துக் கேட்பேன். அப்புறம்தான் எழுத்துல ‘செய்கிறான்’னு சொல்லித் தருவேன். இல்லேன்னா எங்கம்மா மாதிரி பையைத் தொலைக்க வேண்டியதுதான்.”

கதையைக் கேட்டுப் பேராசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

இருபது வருடத்தில் எத்தனை ‘செய்யுதான்’களை யோசிக்காமல் அடித்திருப்பேன் என்று அன்றுதான் உறைத்தது. அச்சில் அந்தத் திருத்தம் தேவைதான். ஆனால் அடித்த கையோடு, எழுதியவரை ஒரு படி கீழே வைத்துவிட்டேனே, அது பிழை.

போகிறவர்களுக்கு: திருச்செந்தூரிலிருந்து நெல்லைக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. பாளையில் இறங்க வேண்டுமென்றால் ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவிடுங்கள். பாளையிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு போக வர ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது கொடுத்தேன். சான்றிதழ்களை யார் கேட்டாலும், கேட்டது என்ன என்று இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றே கல்லூரி விடுதியிலும் சேர்த்தாயிற்று. மாலை ஆறு மணிக்கு விடுதி வாசலில் யாழினியை விட்டுவிட்டுத் திரும்பினேன். பிறந்ததிலிருந்து அவளை விட்டு ஒரு வாரம்கூட இருந்ததில்லை. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று வேகமாக நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“பைய போம்மா.”

சான்றிதழ்ப் பை காலியாகிக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. ரயிலுக்கு நேரமிருந்தது. பைய நடந்தேன்.