மனைவியின் வலது கை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அரங்கத்தில் இருந்த எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டி நின்ற லிஃப்டுக்காரர் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தன் மனைவியின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மடியில் கிடக்கும்வரை அவர் வித்வான். அது மேலே எழுந்தால் அவருடைய பதினெட்டு வருஷ வாசிப்பு, பேர், மானம் எல்லாம் அந்த இடத்திலேயே சரி.

மனைவியின் கைக்கு அத்தனை அதிகாரம் எப்படி வந்தது என்பதுதான் கதை.

லிஃப்டுக்காரர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதற்கப்புறம் எவனிடமும் கைகட்டி நின்று எதையும் கற்றுக்கொண்டது கிடையாது. லிஃப்ட் மோட்டாரை அவிழ்த்து மாட்டியதும் தானாக, இரும்புக் கயிறு இழுத்துக் கட்டியதும் தானாக. நீச்சல்கூட அப்படித்தான், விழுந்தார், கரையேறினார். "எனக்கு வாத்தியாரும் நான்தான், தப்பு பண்ணா முதுகுல போடுறதும் நான்தான்" என்பார். வாய்ப்பேச்சு இல்லை, செய்து காட்டிய மனுஷன்.

கல்யாணமான புதிதில், இழுத்து மூடிய ஒரு ஹோட்டலில் பழைய லிஃப்டைக் கழற்றப் போனார். முன்பு பாட்டுக் கோஷ்டி வாசித்த மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டி கிடந்தது. திறந்தால் சாக்ஸபோன். "கட்டடத்தோட சேர்ந்து இதுவும் மண்ணாத்தான் போகும். வேணும்னா தூக்கிட்டுப் போங்க" என்றார் காவலாளி. தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

யாரிடமும் கேட்கவில்லை. வலது கைக்காரன் வலது கையைத்தானே முன்னே வைப்பான்? அப்படியே மேலே வலது கை, கீழே இடது கை என்று பிடித்தார். பொத்தான் ஒன்று கூப்பிட்டால் விரல் இன்னொன்றுக்குப் போயிற்று. வண்டி பிரேக் பிடித்தது போலவும், கதவு கீல் அழுதது போலவும் வீடு முழுக்கச் சத்தம். நாலு மாதம் கழித்து, முடி வெட்டப் போன கடையில் பழைய பத்திரிகை ஒன்றில் ஒரு படத்தைப் பார்த்தார். அதில் இடது கை மேலே, வலது கை கீழே. பாதி முடி வெட்டிய தலையோடு எழுந்து நின்று கைகளைக் காற்றில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வேறொருவனாக இருந்தால் வாத்தியத்தை வந்த விலைக்குத் தள்ளியிருப்பான். இவர் ஒரே மாதத்தில் இரண்டு கையையும் இடம் மாற்றிப் பழக்கினார்.

மனைவி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டர். ஒரு தடவை கேட்ட குரலை ஜென்மத்துக்கும் மறக்காத காது. அந்தக் காதால் நாலு மாதம் பொறுத்தவள் ஐந்தாம் மாதம் சொன்னாள்: "என்னங்க, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

இரண்டும் வேண்டும் என்று முடிவு செய்த லிஃப்டுக்காரர், பதினோரு மாடிக் குடியிருப்பு ஒன்றின் உச்சியில் இருந்த லிஃப்ட் மோட்டார் அறைக்கு வாத்தியத்தை மாற்றினார். மத்தியான சாப்பாட்டு நேரத்தில் அங்கேதான் ஊதுவார். லிஃப்ட் ஓடும் குழியில் சத்தம் இறங்கி, அடிவரை போய், வேறு முகத்தோடு திரும்பி வரும். அதற்கு இவர் பதில் ஊதுவார். பாட்டு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. குடியிருந்தவர்கள் போன் போட்டார்கள்: "லிஃப்டுக்குள்ள ஏதோ மாடு மாட்டிக்கிச்சு, உடனே வாங்க." போனை எடுப்பவரும் இவர்தான். "வந்து பாக்கறேங்க" என்று சொல்லிவிட்டு, வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து, கீழே இறங்கிப்போய், "சரி பண்ணியாச்சு" என்பார்.

ஏழாவது மாடியில் இருந்த ஓர் அம்மாள் மட்டும் போன் போடவில்லை. படியேறி வந்து மோட்டார் அறைக் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் டிரம்ஸ் வாசிப்பவள்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்ல டீச்சர்."

"நல்லவேளை" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை வாங்க."

டீச்சரோடு மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். ஆளுயரப் பிடிலைக் கட்டிப்பிடித்து வாசிப்பவர். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். அவர்கள் வாசித்த இசைக்கு ராகமும் இல்லை, தாளக் கட்டும் இல்லை, எழுதி வைத்த ஸ்வரமும் இல்லை. மூன்று பேரும் உட்கார்ந்து, அந்த நிமிஷத்தில் காதில் விழுவதற்குப் பதில் வாசிப்பார்கள். ஒரே ஒரு சட்டம். யாரும் எதையும் முன்கூட்டித் தயார் செய்துகொண்டு வரக்கூடாது. ஊரில் எல்லா வித்வானும் ஒத்திகை பார்க்காவிட்டால் திட்டு வாங்குவான். இங்கே ஒத்திகை பார்த்தால்தான் குற்றம். "தயாரிச்சுட்டு வர்றவன் எங்களோட வாசிக்கல, எங்க மேல வாசிக்கிறான்" என்பாள் டீச்சர்.

இப்படியே பதினெட்டு வருஷம். நூலக மாடி, மூடிய அச்சுக்கூடம், யாரோ வீட்டுக் கார் ஷெட். நாற்காலி இருபது போட்டால் பதினைந்து நிரம்பும். கச்சேரி முடிந்ததும் டீச்சரின் பெரிய டிரம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவது லிஃப்டுக்காரர்தான்; அது அவர் உரிமை, வேறு யாரையும் தொட விடமாட்டார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மச்சினன் ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுச் சொன்னான்: "மாமா, மனசுல வச்சுக்காதீங்க. இது கச்சேரியா, இல்ல ரிப்பேரா?"

"ரிப்பேர்தான்டா. உன் காதுக்கு."

ஆனால் கேட்கத் தெரிந்தவர்கள் தொலைவிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சாக்ஸபோன் என்றால் லிஃப்டுக்காரர்தான். அதில் சந்தேகமே கிடையாது.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் நூலக மாடியில் ஒன்றுமே வரவில்லை. ஊதினால் பழைய சத்தம், நிறுத்தினால் வெறுமை. வாத்தியத்தைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றார். பின் வரிசையிலிருந்து ஒருவன், "மேஸ்திரி, லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சா?" என்றான். ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருடைய எலும்புவரை இறங்கியது. கயிற்றைச் சோதிக்காமல் எந்த லிஃப்டிலும் கால் வைக்காதவர், மேடையில் மட்டும் ஏன் வெறுங்கையோடு ஏற வேண்டும் என்று நினைத்தார்.

மோட்டார் அறையில் பயிற்சி செய்தால் டீச்சர் காதில் விழும். ஆகவே மனைவியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு துண்டு தயாரித்தார். அடியிலிருந்து படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு கீச்சு, பிறகு ஒரே சறுக்கலாகக் கீழே. தேன் மாதிரி ஒரு துண்டு. அடுத்த கச்சேரியில் அதை நடுவில் நைசாக நுழைத்தார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. மருந்துக்கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்குக் கேட்க வந்திருந்த மனைவி வெள்ளை மனசோடு டீச்சரிடம் சொன்னாள்: "மூணு வாரமா பாத்ரூம்ல இதே பாட்டுத்தான் டீச்சர். அங்க கேட்டதைவிட இங்க நல்லாவே வந்துச்சு."

டீச்சர் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தாள். பெரிய டிரம்மைத் தானே தூக்கினாள். ஓடிப்போய்ப் பிடிக்கப்போன லிஃப்டுக்காரரின் கையை முழங்கையால் தள்ளிவிட்டு, ஒவ்வொரு படியிலும் இடித்து இடித்து இறங்கிப்போனாள்.

ஒரு மாதம் பேச்சில்லை. ஒருநாள் மருந்துக்கடைக்காரர்தான் செய்தி கொண்டுவந்தார். ஒலிப்பதிவுக்காரர்கள் வருகிறார்கள், ஆட்களை உட்காரவைத்து நேரடியாகப் பதிவு, இவர்களுடைய முதல் இசைத்தட்டு. லிஃப்டுக்காரர் வரலாம். ஆனால் நிபந்தனை உண்டு. அதை டீச்சரே வீட்டுக்கு வந்து, லிஃப்டுக்காரரை விட்டுவிட்டு, அவர் மனைவியிடம் சொன்னாள்.

"நீங்க முதல் வரிசையில உக்காருங்க. வீட்டுல எப்பவாவது கேட்டது வந்துச்சுன்னா வலது கையைத் தூக்குங்க. நான் குச்சியைக் கீழ வச்சிடுவேன். அதோட இவருக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"என்ன டீச்சர், புருஷனுக்கு எதிரா சாட்சி சொல்லச் சொல்றீங்க?"

"பொய் சொல்லத் தெரியாதவங்க வேற யாரும் எனக்குத் தெரியல."

டீச்சர் போனபிறகு லிஃப்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். "ஒருவேளை தப்பித்தவறி வந்துட்டா, நீ..."

"தூக்கிடுவேங்க" என்றாள் மனைவி. "முதல்லயே சொல்லிடறேன்."

அந்த ஞாயிறு காலை அரங்கத்தில் ஆரம்பித்தது டீச்சர். டிரம் தோலின்மேல் கம்பித் துடைப்பத்தால் தேய்த்தாள், சாரல் அடிக்கிற மாதிரி. மருந்துக்கடைக்காரர் வில்லைத் தடித்த தந்தியின்மேல் வைத்து அழுத்தினார். லிஃப்டுக்காரர் மூச்சை இழுத்து ஊதினார்.

முதல் ஸ்வரம் விழுந்ததும் விரல்கள் தாமாக நகர்ந்தன. அடியிலிருந்து ஒரு படி, இரண்டு படி. அதே குளியலறைத் துண்டு! வேண்டாம் என்று மனசு சொல்கிறது, விரல் கேட்டால்தானே? கன்றுக்குட்டி தொழுவத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரி ஓடுகிறது. மூச்சை வெட்டி நிறுத்தினார். மறுபடி ஊதினார். மறுபடி அதே படி.

முதல் வரிசையில் வலது கை மடியை விட்டு எழுந்தது.

டீச்சரின் துடைப்பம் அந்தரத்தில் நின்றது. கை மார்பைத் தாண்டி, முகத்துக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளியது. ஆனால் மடிக்குத் திரும்பவில்லை. மோவாயிலேயே தங்கிவிட்டது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது படிக்குக் காத்திருக்கிறாள் என்பது அவருக்கு விளங்கியது. அவளுடைய காதை ஏமாற்ற முடியாது. அறுந்த கயிறு லிஃப்டைப் பிடிக்காது. அந்த மாதிரி நேரத்தில் பிடிக்கிறது லிஃப்டுக்கு அடியில் தண்டவாளத்தைக் கவ்வுகிற கொக்கிதான். தன்னிடம் கொக்கி என்று என்ன இருக்கிறது?

கைகளை எடுத்தார். கழுத்துப் பட்டையில் வாத்தியம் தொங்கியது. இடது கையைக் கீழே கொண்டுபோனார், வலது கையை மேலே வைத்தார். யாரிடமும் கேட்காமல் பிடித்த அந்த முதல் பிடி.

விரல்களுக்கு ஒன்றும் புரியவில்லை. படியும் தெரியவில்லை, உச்சியும் தெரியவில்லை. ஒரு பொத்தானைத் தேடி இன்னொன்றில் விழுந்தன. கீல் அழுதது. வெறும் காற்று வந்தது. ஒரு ஸ்வரம் பாதியில் உடைந்து இரண்டாகக் கேட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். என்ன வரும் என்று தெரியாததால் அவர் கேட்டே ஆகவேண்டியிருந்தது. தன்னை, டீச்சரை, தந்தியை. டீச்சரின் துடைப்பம் இறங்கியது. அந்த உடைந்த ஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினாள். அவர் அதற்குப் பதில் சொன்னார். மருந்துக்கடைக்காரர் பிடிலின் வயிற்றில் விரல் முட்டியால் குத்தினார். மூன்று பேரும் கதவில்லாத லிஃப்டில் ஏறினவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். எங்கே நிற்கும் என்று மூவருக்கும் தெரியாது. ஓரிடத்தில் மூன்று வாத்தியமும் சேர்ந்து நின்றன. யாரும் சைகை காட்டவில்லை.

கைதட்டல் லிஃப்டுக்காரர் காதில் ஏறவில்லை. டீச்சர் மேடையிலிருந்து இறங்கி நேராக மனைவியிடம் போனாள். லிஃப்டுக்காரர் வாத்தியத்தோடு பின்னாலேயே வந்து நின்றார்.

"என்னம்மா, கேட்டிருக்கீங்களா?"

"கேட்டிருக்கேன் டீச்சர்."

லிஃப்டுக்காரர் மனைவியின் வலது கையைப் பார்த்தார்.

"கல்யாணமான புதுசுல, நாலு மாசம். இப்படித்தான் கையை மாத்திப் பிடிச்சுக்கிட்டு உயிரை எடுப்பாரு. கையைப் பார்த்ததும் அந்த வீடு, அந்த ஜன்னல் எல்லாம் ஞாபகம் வந்துச்சு."

"அப்ப ஏன் கையைத் தூக்கல?"

"அந்தச் சத்தம்தான் டீச்சர். ஆனா இது அது இல்ல. அப்பல்லாம் எப்ப முடியும்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். இன்னைக்குக் கை ஒண்ணு இருக்குங்கிறதே மறந்துபோச்சு."

டீச்சர் லிஃப்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைகள் இன்னும் இடம் மாறியே இருந்தன. அவள் மேடைக்குத் திரும்பினாள். குச்சிகளைப் பைக்குள் போட்டாள், பித்தளைத் தட்டுகளைக் கழற்றினாள், திருகாணிகளைப் பொறுக்கினாள். பெரிய டிரம்மின் முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? தூக்குங்க. இந்தக் கட்டடத்துல லிஃப்ட் ஓடல."

"தெரியும் டீச்சர். வரும்போது பொத்தானை அமுக்கிப் பார்த்தேன், மோட்டார் சத்தம் மட்டும்தான் வந்துச்சு. மேல கப்பிதான் போயிருக்கு."

"அதை நாளைக்கு வந்து பாருங்க."

லிஃப்டுக்காரர் சாக்ஸபோனை மனைவியின் வலது கையில் கொடுத்துவிட்டு, டிரம்மைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எங்கேயும் இடிக்காமல் படியிறங்கினார்.